நீங்கள் பாடும் இடம்

அன்பானவருக்கு,

வணக்கம். தொண்டைத் தையல் ஆறிவிட்டதா? கஞ்சி இறங்குகிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை இசை நாடகக் குழுவின் குரல் தேர்வுக்குப் போனேன். என் கனத்த குரலுக்குப் பொருந்துவது நாம் மேடைகளில் சேர்ந்து பாடிய பாட்டுதான் என்று அதையே பாடினேன். உங்கள் வரி வந்ததும், பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பியானோ மட்டும் ஓடியது.

“என்னம்மா, மறந்துட்டீங்களா?” என்றார் இயக்குநர்.

“இல்ல சார், இது அவர் பாடுற இடம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

“பாட்டு உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. அடுத்த மாசம் அவர் வரியையும் நீங்களே பாடிக்காட்டுங்க.”

விடுதி அறைக்குத் திரும்பி முயன்றேன், முடியவில்லை. உங்கள் குரல் இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள்.

இந்த ஊர்க் குளிருக்கு என் கம்பளிச் சட்டையை அனுப்பும்போது, நாம் பாடிய பழைய கேசட்டையும் அனுப்புங்கள். உங்கள் வரியைக் கற்றுக்கொள்ளத்தான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள்
நான்