வெள்ளை வேரில் பூசிய எண்ணெய்

அன்பு மகன் சிங்காரத்துக்குப் பழவேற்காட்டிலிருந்து அம்மா இருசம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், சாவகத்து மலையில் குளிரிலும் ஈரத்திலும் நீ நோய்நொடியில்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். வழக்கமாக நைனா சொல்லச் சொல்ல மூர்த்தி வாத்தியார்தான் உனக்கு ஓலை எழுதுவார். இந்தச் சங்கதியை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் நானே எழுதுகிறேன். அவர் பள்ளிக்கூடத்து வேலியோரம் வலை பின்னிக்கொண்டே பார்த்துப் பழகிய எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய மூன்று செடிகளும் கப்பலில் பத்திரமாக வந்தன. கோட்டைக்குள் நிழல் மரம் இல்லை என்று, உன்னைச் செடி தேட அங்கே அனுப்பிய உலாந்தா தேசத்து வெள்ளைக்கார வைத்தியர் அவற்றை நம் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். நைனா ஒன்றைப் பூவரசின் உச்சிக் கவையிலும் மற்ற இரண்டைக் கைக்கெட்டும் கிளையிலும் கட்டினார். அந்த மலையில் மழை இல்லாத நாளிலும் மேகம் மரங்களுக்குள் புகுந்து போகும், இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகிக் கிளைவழியே வடியும், மண்ணையே தொடாத இந்தச் செடிகள் அந்த ஈரத்தை வெள்ளை வேரால் பஞ்சுபோல் உறிஞ்சித் தடித்த தண்டில் சேர்த்துவைக்கும், நனைந்ததும் வேர் பச்சையாகும், மண்ணில் புதைக்காமல் நல்ல தண்ணீர் தெளித்தால் பழவேற்காட்டிலும் பிழைக்கும் என்று நீ எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஏரிக்காற்று உப்போடு வீசி வேர் நுனி கருகியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வெயிலும் உப்பும் தின்னாமல் இருக்கப் படகுக்கு நாம் சுறா எண்ணெய்தானே பூசுகிறோம். நைனா ஏரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கீழே இருந்த இரண்டு செடிகளின் வேரிலும் துணியில் தோய்த்து ஒரு இடம் விடாமல் பூசினேன். உச்சியில் இருந்தது எனக்கு எட்டவில்லை. அதற்கப்புறம் எவ்வளவு தெளித்தாலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்ததே தவிர வேர் பச்சையாகவில்லை, தண்டு சுருங்கிப்போயிற்று. செய்தது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்ததும் வைத்தியர் துபாஷி கோதண்டத்தைக் கூட்டிக்கொண்டு செடி பார்க்க வந்தார். நைனா வீட்டில் இல்லை, நான் கதவோரம் நின்றேன். "யம்மா, உன் புள்ள பொய் எழுதிக்கிறான்னு தொர சொல்றாரு. தண்ணி தெளிச்சா போதும்னானே, பாரு, கருவாடு மாரி வத்திப்போய் கீது. இந்த ஆளு மலையில வேணாவாம், அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாராம்"னு கோதண்டம் சொன்னார். மூணாவது செடி கீதான்னும் கேட்டார். அது உச்சியில் இருப்பதைச் சொல்லாமல் இல்லையென்று தலையாட்டினேன். எப்படியப்பா எழுதுவேன், நீ திரும்பி வருவாய் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது, பொய்யன் என்ற பெயரோடு வருவாய் என்பது விழவில்லை. அவர்கள் போனதும் உன் பாயை உதறி வெயிலில் போட்டேன், பாட்டுகூட முணுமுணுத்தேன்.

சேதி துறைக்குப் போய்விட்டது. "இன்னா சுப்பராயலு, உன் புள்ள மேகத்துல பயிர் வச்சானாமே, எனக்கும் ரெண்டு மரக்கா அளந்து குடேன்"னு நாகப்பன் எல்லார் முன்னாலும் நைனாவிடம் கேட்டானாம். உன் ஓலை வரும்போதெல்லாம் அதே துறையில் நின்று பெருமை பேசியவர் நைனா. ஏரியில் வலைபோட நம் பாடு வந்தது, தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும், அது தெரிந்தும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உச்சியில் இருந்ததும் செத்திருக்கும் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம புள்ள பொய் சொல்லுவானா இருசு"ன்னு என்னைத்தான் கேட்டார். மறுநாள் காலைப் பனிமூட்டத்தில் அண்ணாந்து பார்த்தேன், உச்சிச் செடியின் வேர் நீ எழுதிய பச்சையில் நனைந்து கிடந்தது. நைனாவை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். செத்த செடிகளை முறத்தில் வைத்துக்கொண்டு இருவரும் கோட்டைக்குப் போனோம்.

அயலாரிடம் நான் பேசியவளா, முறத்தைத்தான் முதலில் நீட்டினேன். "வேருல எண்ணெ பூசுனது நான்தாங்க, எம் புள்ள சொன்னது நெசம்"னு ஒருவழியாகச் சொன்னேன். கோதண்டம் சிரித்துவிட்டார், "பொரிக்கவா பாத்தே"ன்னு கேட்டார். வைத்தியர் சிரிக்கவில்லை. வேரை முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், நம் வீட்டுக்கே வந்து ஏணி போட்டு ஏறி உச்சிச் செடியைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து அவர் சொன்னதைக் கோதண்டம் சொன்னார், இவ்வளவு சரியாகப் பார்த்து எழுதுகிறவன் மலையில்தான் இருக்க வேண்டும், இப்போதைக்குத் திருப்பி அனுப்புவதாக இல்லையாம். நைனா நிமிர்ந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். உன் பெயர் மீண்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், வாயைத் திறந்தது தப்போ என்று ஒரு கணம் நினைத்தேன், அந்த நினைப்புக்கு இன்னும் கூசுகிறது. நைனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஈரப்பாசியில் கால் வழுக்கும், இடுப்பில் கயிறு கட்டாமல் மரம் ஏறாதே. நனைந்த துணியோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. எந்த மலையில் இருந்தாலும் நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும். எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு முகமில்லை, நைனா கேட்பதாக வைத்துக்கொண்டு மறக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
இருசம்மாள்