சம்பந்தியும் தாய்மாமனும் கை கோத்த ஃப்ளெக்ஸ்

ஆகஸ்டு 12, புதன்

மூத்த பேத்தி அஸ்வினி வீடு வரைகிற படிப்பில் காலேஜிலேயே முதல் ஆள். வானூர் பக்கம் மண் வீடு கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தபோது பேப்பரில் அவள் படம் வந்தது. அங்கேயே வேலைக்கு வந்த பிரேசில் பையனைக் கட்டிக்கொண்டு இப்போது பிரேசிலில் இருக்கிறாள், ஆறாம் மாதம். அவள் தம்பி அறிவுச்செல்வன் விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் டிசைனர். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவனைத்தான் தேடி வருகிறார்கள். செத்தவரைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவான். கடைசிப் பேத்தி கலைமதி நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் ஊசி போட்டால் வலி தெரியாது என்று வார்டே சொல்கிறதாம்.

இதையெல்லாம் எதிர்வீட்டு அம்சவள்ளியிடம் வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா?

கடைசியில், "அஸ்வினி மாமனாரு என்னாக்கா பண்றாரு?" என்றாள்.

"கவர்னருக்கு நிக்கிறாரு."

"கவர்னருக்கு எங்கக்கா நிப்பாங்க? அனுப்பி வெப்பாங்க."

"அங்க நிக்கணும்."

அவள் நம்பவில்லை. போட்டோ காட்டுங்கள் என்றாள். சுவரில் இருப்பது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதில் சம்பந்தி முகத்தை மாலை மறைக்கிறது. அஸ்வினியைப் புது போட்டோ தபாலில் போடச் சொல்ல வேண்டும். போனில் வருவது எனக்கு ஆகாது. மகன் ஜெகதீசன் கண்டக்டர் டூட்டிக்குப் போகும்போது போனும் அவனோடு விழுப்புரம் போய்விடுகிறது.

ஆகஸ்டு 16, ஞாயிறு

அஸ்வினி பேசினாள். நான் படித்தது அஞ்சாவது. ஆனாலும் ஓட்டு விஷயம் எனக்குப் புரியும், எல்லா எலெக்‌ஷனுக்கும் போட்டிருக்கிறேன். அவள் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், அம்சவள்ளி திரும்பக் கேட்டால் தடுமாறக் கூடாது.

அந்த ஊர் மாநிலத்தில் முதலமைச்சர் கிடையாது. கவர்னர்தான் எல்லாம், அவரை ஜனங்கள் ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும். அதே நாளில் செனட்டுக்கும் ஓட்டு. செனட் என்றால் டெல்லி மேல்சபை மாதிரி, இந்த முறை இரண்டு பேர். மெஷினில் நம்பரை அழுத்தினால் வேட்பாளரின் முகம் வருமாம். அது நல்ல ஏற்பாடு. மாநிலத்தின் பேரைக் கலைமதி எழுதிக் காட்டினாள். நீளம். விட்டுவிட்டேன்.

கவர்னருக்கு நிற்பவர் நம் சம்பந்தி செபஸ்தியான். செனட்டுக்கு நிற்கிறவர்களில் ஒருவர் சம்பந்தியம்மாவின் அண்ணன் ஓஸ்மார். வேறு கட்சி. மாமனும் மச்சானும் ஒரு பால் பண்ணையைப் பாகம் பிரித்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. சரி, பாகம் பிரித்தால் அப்படித்தான்.

"எங்க மாமனாரு நாலாவது எடத்துல இருக்காரு ஆயா. ஜெயிக்க மாட்டாரு."

"அப்புறம் எதுக்கு நிக்கிறாரு?"

"நின்னு நின்னு பழகிட்டாரு."

அக்டோபர் நாலாம் தேதி எலெக்‌ஷன். ஏழாம் தேதி மாப்பிள்ளை இவளை அழைத்துக்கொண்டு கிளம்புகிறார். டிக்கெட் போட்டாயிற்று. மாப்பிள்ளை பெயர் தியாகோ. நாங்கள் தியாகு என்கிறோம், அவரும் திரும்பிப் பார்க்கிறார். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டு 20, வியாழன்

உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பழைய தொட்டிலை இறக்கித் துடைத்தோம். ஒரு கட்டை ஆடுகிறது, ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்டு 29, சனி

அம்சவள்ளி இன்றைக்கும் கேட்டாள், "இன்னும் நிக்கிறாராக்கா?" என்று. அறிவை ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னேன்.

நன்றாகத்தான் செய்தான். சம்பந்தி சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு கையைத் தூக்கி நிற்கிறார், ரெண்டு பக்கமும் சிங்கம், பின்னால் கோட்டை. கீழே வட்ட வட்டமாக நாங்கள் எல்லாரும். நான் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துவிட்டு, "தாய்மாமன் எங்கடா?" என்றேன்.

"யாருக்குத் தாய்மாமன்?"

"தியாகுவுக்கு. அந்த ஓஸ்மாரு."

"ஆயா, அவரு எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல."

"பேசாத போனா என்னா? தாய்மாமன வுட்டுட்டு ஃப்ளெக்ஸ் வெச்சா ஊர்ல என்னா பேசுவாங்க?"

"எந்த ஊர்ல?"

"திண்டிவனத்துல."

ஜெகதீசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு, "எம்மா சொல்றது சரிதான்டா. உன் காதுகுத்துப் பத்திரிகையில உங்கம்மா தம்பி பேர சின்ன எழுத்துல போட்டதுக்கே அவன் சோறு துண்ணாம போனான்" என்றான். மருமகள் சித்ரா, "இன்னும் அத வுடலியா நீங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஓஸ்மாருக்கும் சம்பந்தி அளவிலேயே படம் வைத்தான் அறிவு. அவரும் கையைத் தூக்கி நிற்கிற படம் கிடைத்தது. தூக்கின கை ரெண்டையும் கோத்துவிட்டான். ஒட்டு தெரியவே இல்லை.

செப்டம்பர் 3, வியாழன்

மயிலம் ரோடு முனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. 'பிரேசில் நாட்டின் வருங்கால கவர்னரே, செனட்டின் சிங்கமே, வருக வெல்க. இவண் திண்டிவனம் சம்பந்தி வகையறா.' அம்சவள்ளி காய்கறிக்குப் போனவள் நின்று பார்த்தாள். அப்புறம் காய்கறி வாங்காமலே திரும்பி வந்தாள். ஜெகதீசன் படம் எடுத்து அஸ்வினிக்கு அனுப்பினான்.

செப்டம்பர் 7, திங்கள்

அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை. மாமன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாமோ?

செப்டம்பர் 11, வெள்ளி

அஸ்வினி பேசினாள். தியாகு விளையாட்டாக அந்தப் படத்தைப் போனில் போட்டாராம். மாநிலம் பூராவும் பரவிவிட்டது. அங்கே தேர்தல் நேரத்தில் இத்தனை பெரிய பேனர் வைக்கத் தடையாம். அதனால் வேட்பாளரை இந்த அளவில், சிங்கத்தோடு, யாரும் பார்த்ததில்லை. சரி, அது பெருமைதான்.

விஷயம் அதுவல்ல. மாமனும் மச்சானும் ராசியாகிவிட்டார்கள் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்களாம். டிவிக்காரர்கள் ஓஸ்மாரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கே எப்போது கை கோத்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்து, குடும்பம் என்றால் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டாராம். தங்கை பார்ப்பாளே, வேறு எப்படிச் சொல்வார்?

ஓஸ்மார் ஆட்கள் இப்போது சம்பந்திக்கும் ஓட்டு என்கிறார்கள். சம்பந்தி மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் உன் ஃப்ளெக்ஸால ஆயா" என்று அஸ்வினி சிரித்தாள். நானும் சிரித்தேன். தெருவில் எல்லாருக்கும் சொன்னேன்.

செப்டம்பர் 14, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கொஞ்சம் விண்டுவிட்டது. பிரேசிலில் எதிராளிக் கட்சி அந்த ஃப்ளெக்ஸ் மேல் கேஸ் போட்டதாம். திண்டிவனத்தில் எங்கள் சட்டம் செல்லாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாராம். அம்சவள்ளிக்கு ரெண்டு கொழுக்கட்டை அதிகம் வைத்துக் கொடுத்து இதையும் சொன்னேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

அஸ்வினி குரல் சரியில்லை. துருவிக் கேட்டேன். கவர்னர் ஆக வேண்டுமானால் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டுமாம். யாரும் வாங்காவிட்டால் முதல் ரெண்டு பேருக்கு மறுபடி எலெக்‌ஷன், அக்டோபர் இருபத்தைந்தில். செனட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

"மாமா ரெண்டாவதா வந்துட்டா தியாகு அவர வுட்டுட்டுக் கெளம்ப முடியாது ஆயா. தனியா போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இருபத்தஞ்சுக்கு அப்புறம்னா ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க, மாசம் தாண்டிடும்."

"இப்ப எத்தினியாவது எடம்?"

"மூணாவதுதான். ஆனா ரெண்டாவது ஆளுக்குப் பக்கத்துல வந்துட்டாரு."

அப்படியானால்? என்னுடைய ஃப்ளெக்ஸ் என் பேத்தியை அங்கேயே நிறுத்தி வைக்கப் போகிறதா? தாய்மாமன் படத்தைப் போடு போடு என்று சொன்னது யாரு? நாந்தான். யாராவது கேட்டாங்களா என்னை.

செப்டம்பர் 25, வெள்ளி

நானும் சித்ராவும் மயிலம் முருகன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன்.

"யார் பேருக்கும்மா?" என்றார் ஐயர்.

"செபஸ்தியான்."

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நட்சத்திரம்?"

"தெரியாதுங்க. பிரேசில்."

"அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்ரா, "என்னா வேண்டிக்கினீங்க அத்தை?" என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடியணும்னு. நீ?"

"நானும் அதான்."

கொஞ்ச தூரம் போனதும், "மூணாவது எடம் கூட கௌரவம்தான அத்தை" என்றாள். கௌரவம்தான் என்றேன்.

செப்டம்பர் 28, திங்கள்

அனுமதி இல்லை என்று நகராட்சி ஆட்கள் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். ஜெகதீசன் வாக்குவாதம் பண்ணினான். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன்.

அறிவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கையப் பிரிச்சு இன்னொண்ணு போட்டு அனுப்பேன்டா" என்றேன்.

"இனிமே பிரிச்சா செல்லாது ஆயா. ஒட்டின கைனு யாரும் நம்ப மாட்டாங்க. பிரிச்சதத்தான் ஒட்டுனு சொல்லுவாங்க."

தொழிலில் அவ்வளவு சுத்தம் வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 5, திங்கள்

பால் வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெகதீசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். டூட்டிக்குக் கிளம்பவில்லை.

ஓஸ்மார் செனட் ஜெயித்துவிட்டார். சம்பந்தி ரெண்டாவது இடம்.

அம்சவள்ளி சர்க்கரை டப்பாவோடு வந்து என் வாயில் போட்டாள். "பெரிய எடத்துச் சம்பந்தம்க்கா உங்களுது" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, வாயில் சர்க்கரை.

அக்டோபர் 7, புதன்

இன்றைக்குத்தான் ஃப்ளைட் இருந்தது.

அக்டோபர் 9, வெள்ளி

சித்ரா அழுதுக்கினே இருக்குது. வேலை ஓடல. ஒரு கவர்னரு இல்லன்னா அந்த ஊரு என்னா ஆயிடும்? எட்டு மாசப் புள்ளத்தாச்சிய மேடையில நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்களாம், எங்க மருமவ இந்தியாக்காரின்னு. ஜனங்க அதுக்குக் கை தட்றாங்களாம். தட்டட்டும். முதுகு வலிக்கும்னு அதுல ஒருத்தருக்குத் தோணாதா?

அஸ்வினியிடம் கோபமாகப் பேசிவிடக் கூடாது என்று போனை வாங்கவே இல்லை. அப்புறம் வாங்கினேன்.

"கோவமா ஆயா?"

"இல்ல."

"நீதான ஆயா தாய்மாமன வுடக் கூடாதுன்ன."

"ஆமா. வுடக் கூடாதுதான்."

இதில் பொய் இல்லை. இப்போது கேட்டாலும் விடு என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்றும் தெரியவில்லை.

அக்டோபர் 19, திங்கள்

ஆயுத பூஜை. தொட்டிலுக்கும் பொட்டு வைத்தேன்.

அக்டோபர் 26, திங்கள்

சம்பந்தி தோற்றுவிட்டார்.

கொஞ்ச ஓட்டில்தான். ஓஸ்மார் கூடவே நின்று கடைசி நாள்வரை ஓட்டுக் கேட்டாராம். சம்பந்தியம்மா தோற்றதற்கு அழவில்லையாம், அண்ணனும் வீட்டுக்காரரும் ஒரே காரில் வந்து இறங்கியதற்கு அழுதாராம்.

முருகன் செய்துவிட்டார். மூன்று வாரம் தள்ளிச் செய்தார். நாங்கள் தேதி சொல்லி வேண்டிக்கொள்ளவில்லை, அது எங்கள் தப்பு.

நவம்பர் 12, வியாழன்

மழை. சித்ராவுக்கு விசா வந்துவிட்டது. பிள்ளை வர முடியாவிட்டால் தாய் போக வேண்டியதுதான் என்று ஜெகதீசன் பி.எஃப். லோன் போட்டான். ஃப்ளைட்டில் எல்லோரும் போக வழியில்லை. எனக்கும் மூட்டு மடங்காது.

கேப்பை மாவு, பிரசவ லேகியம், கண்ணாடி வளையல் கட்டி வைத்தேன். வளையலைத் துணிக்குள் துணி வைத்துச் சுற்றியிருக்கிறேன். அஸ்வினிக்கு வளையல் அடுக்கும்போது எனக்காகவும் ரெண்டு போடச் சொன்னேன். பச்சை.

அம்சவள்ளி மாட்டுக் கொட்டகை ஒழுகுகிறது என்று அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கிப் போனாள். மாடியிலிருந்து பார்த்தால் சம்பந்தி முகத்தின்மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கீழே மாடு நனையாமல் நிற்கிறது.

நவம்பர் 17, செவ்வாய்

சித்ரா போய்ச் சேர்ந்துவிட்டாளாம். லேகியத்தை ஏர்போர்ட்டில் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சீக்கிரம் மூடிக் கொடுத்துவிட்டார்களாம்.

டிசம்பர் 9, புதன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தெருவில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன். அம்சவள்ளிக்கு முதலில்.

டிசம்பர் 14, திங்கள்

தொட்டிலை மறுபடி பரணில் ஏற்றிவிட்டோம். ஆசாரி வந்து கட்டையைச் சரி பண்ணிவிட்டுத்தான் போனான். இனி ஆடாது.

ஜெகதீசன் போனில் ஒரு படம் காட்டினான். சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை வைத்திருக்கிறார். வேலை இல்லாததால் பகல் பூராவும் அவர்தான் வைத்திருக்கிறாராம், நல்ல கை என்று சித்ரா சொன்னாள். ஓஸ்மார் பக்கத்தில் குனிந்து குழந்தையின் காலைப் பிடித்திருக்கிறார். அவருடைய இன்னொரு கை சம்பந்தியின் தோளில். அறிவைக் கூப்பிட்டு, "இதுல நீ எதுனா ஒட்டினியா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆயா. நெசக் கை."

பெரிதாக்கிப் பார்த்தேன். அஸ்வினி பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறாள். முகம் ஓஸ்மார் முதுகில் மறைந்துவிட்டது. கை மட்டும் தெரிகிறது, நிறைய வளையல், பச்சையும் இருக்கிறது.

அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். புது போட்டோ ஒன்று தபாலில் போடு. சம்பந்தி வேண்டாம், மேல்சபை வேண்டாம், தாய்மாமனைக்கூட விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள். நீயும் குழந்தையும் மட்டும், முகம் தெரிகிற மாதிரி. ஆணி அடித்து வைத்திருக்கிறேன், சீக்கிரம் போடு.