லுவான் ஒட்டிய வால்

மார்ச் 11
ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. காகம் அளவு டைனோசர், கால்களிலும் இறகு. ஆனால் இந்த வகையில் எதற்கும் இல்லாத நீண்ட வால். புது இனம்தான். அதற்குச் சியாவ்ஃபெங்கின் பெயர். இந்தப் புதைபடிவக் கல்லைத் தோண்டி எடுத்தவன். அடுத்த மாதமே அதே குழியில் மண் சரிந்து செத்தான். இருபத்திரண்டு வயது. அவன் அப்பா லுவானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். "செத்தவங்களைக் கும்புடற சிங்மிங் அன்னைக்குக் கல்லறையில போய் அவன்கிட்ட சொல்லணும் டீச்சர்" என்றார்.

மார்ச் 14
என்னோடு வேலை பார்க்கும் பாங், கல்மேல் புற ஊதா விளக்கைப் பிடித்தார். வால் சேரும் இடத்தில் நீலமாக ஒரு கோடு. பசை.
"என்ன டீச்சர், உங்க மிருகம் வாலைக் கடையில வாங்குச்சா?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த கல்லை ஒட்டிக் கொடுப்பது கிராமத்தில் வழக்கம்தான். ஒரே கல்லின் துண்டுகளாக இருக்கலாம். இருக்கணும்.

மார்ச் 15
தூக்கமே இல்லை.

மார்ச் 19
ஸ்கேன் வந்தது. எலும்பும் பொருந்தவில்லை, கல்லின் அடுக்கும் தொடரவில்லை. வால் வேறு பிராணியுடையது. அதை எடுத்துவிட்டால் மிச்சம், எங்கள் கிடங்கில் நாற்பது கிடக்கும் அதே பழைய வகை. பாங் "முடிவு உங்களோடது" என்று போய்விட்டார். பசையைப் பற்றி எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?
சீ, என்ன புத்தி இது.

மார்ச் 23
கிராமத்துக்குப் போனேன். லுவான் சோளக் கஞ்சி ஊற்றி வைத்தார். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்: "அந்த வால் அதோடது இல்ல, அண்ணே."
எழுந்து உள்ளே போனார். துணியில் சுற்றிய கல் ஒன்றை எடுத்து வந்தார். குட்டை வால், நுனி உடைந்தது.
"இதுதான் கூட வந்தது. பார்க்க நல்லால்லன்னு நாந்தான் வேறத ஒட்டுனேன். வேணாம்ப்பா, இருக்கறபடியே குடுப்போம்னு பையன் சொன்னான். நான் எங்க கேட்டேன்?"
"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" கத்திவிட்டேன்.
"அவன் பேரு வெக்கிறேன்னுட்டீங்களே டீச்சர். அப்புறம் எப்படி வாயத் திறக்கறது?"
அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று.

மார்ச் 26
குட்டை வால் இம்மி பிசகாமல் பொருந்தியது. கட்டுரையைக் கைவிட்டேன்.

ஏப்ரல் 5
சிங்மிங். லுவானோடு கல்லறைக்குப் போனேன். புல்லைச் செதுக்கி, செத்தவர்களுக்கான காகிதப் பணத்தைக் கொளுத்தினார். கிடங்குப் பதிவுச் சீட்டின் நகலைக் கொடுத்தேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார்:
"எண் நாற்பத்தொன்று. கண்டெடுத்தவர், லுவான் சியாவ்ஃபெங்."
பிறகு சீட்டை மடித்தார். "டேய், நீ சொன்னதுதான்டா சரி" என்றார் கல்லறையைப் பார்த்து.
காகிதம் எரிந்து முடியும்வரை நின்றோம்.