ஓட்டை பக்கெட்டும் வாசல் பலகையும்

செப்டம்பர் 4, திங்கள்

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று என் மகள் படிக்கும் பள்ளியின் வாசலில் இன்று எழுதிப் போட்டுவிட்டார்கள். கரும்பலகையில், கொட்டை எழுத்தில், தெருவே நின்று படிக்கிற மாதிரி.

என் மகள் குட்டி மூன்றாம் வகுப்பு.

வழக்கமாக அவளைக் கூட்டி வருவது என் வீட்டுக்காரர்தான். இன்று அவருக்கு பஸ்ஸில் மாற்று டியூட்டி. கடையை ஆளிடம் விட்டுவிட்டு நான் போனேன். போனால் இந்தக் கூத்து! நேராக உள்ளே நுழைந்தேன். தலைமையாசிரியை இந்த வருடம்தான் வந்தவர்; எல்லோரும் பெரிய டீச்சர் என்கிறார்கள். கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். ஓட்டை பக்கெட்டை வாசல்ல தொங்கவிட்டா எவன் உள்ள வருவான்?”

சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “பக்கெட்டு வாங்குறவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்கம்மா. இவங்க நாளைக்கும் பிள்ளைய அனுப்பணுமே. ஓட்டை எங்கன்னு தெரிஞ்சாத்தான் வீட்லயும் ஒரு கை வைப்பாங்க.”

“மானம் போகுதே!”

“யாரு பேரு இருக்கு அதுல? வகுப்புதான் இருக்கு. என்ன எழுதலாம்னு பிள்ளைங்களையே கேட்டேன், அவங்கதான் கை தூக்கிச் சொன்னாங்க. உங்க பொண்ணும் தூக்கினா.” அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி: “வீட்ல முள்ளு வச்ச கடிகாரம் இருக்காம்மா?”

இல்லை. எல்லாம் போன்தான். குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுத்த கடிகாரம் கடைச் சுவரில் தொங்கியது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தாள்.

“சின்ன முள்ளு முதலாளி. உக்காந்த எடத்த விட்டு லேசுல நகராது. பெரிய முள்ளுதான் வேலைக்காரன், ஓடிக்கிட்டே இருப்பான்.”

“அப்ப நான் சின்ன முள்ளா?”

அவர் சாப்பிட்டபடியே, “உங்கம்மா செகண்ட் முள்ளுடி. சத்தமும் அதுதான் போடும்” என்றார்.

இருக்கட்டும், அவருக்கு ஒருநாள் வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

மேஸ்திரி வந்தார். ஆணி கேட்பதற்கு முன் சுவரைப் பார்த்து, “கடிகாரம் எங்கக்கா?” என்றார். வீட்டுக்குப் போயிற்று என்றேன். “எங்க வீட்லயும் அதே கதைதான். பையன் மூணாம் வகுப்பு.” அப்படியானால் ஊர் முழுக்க நேற்று சாயங்காலம் ஒரே பாடம்தான் நடந்திருக்கிறது!

செப்டம்பர் 8, வெள்ளி

இன்று நானேதான் கூட்டி வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். பலகையைப் படிக்கத்தான், வேறென்ன.

“மூன்றாம் வகுப்புக்கு மணி வந்துவிட்டது. அரை மணியில் மட்டும் கொஞ்சம் தகராறு. நான்காம் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னால் குரல் உள்ளே போய்விடுகிறது. வீட்டில் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும்.”

வந்தது ஒன்று, வராதது ஒன்று, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் படிக்கிறார். எழுத்துத் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் நிற்பவளின் தோளைத் தட்டி, “என்ன போட்டிருக்கு, சொல்லேன்” என்கிறாள். என் கடை போர்டில் கலர் கலராக விளக்கு எரிகிறது. அதை இப்படி நின்று யார் படித்தார்கள்? சைக்கிளில் டப்பா கட்டி விற்ற காலத்திலிருந்து வியாபாரம் பார்க்கிறேன். ஜனங்களை நிறுத்தி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்தம்மா ஒரு துண்டு சாக்பீஸில் நிறுத்துகிறார்.

செப்டம்பர் 13, புதன்

பள்ளியின் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோர் குழுவில் என் பெயர் இருக்கிறதாம், இன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

தெருமுனையில் புதுப் பள்ளி திறந்திருக்கிறார்கள். கட்டடத்தையே மறைக்கிற பேனர், அதில் கோட்டு போட்ட பிள்ளைகள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குப் பயம். “அவன் பேனர் வைக்கிறான். நம்ம வாசல்ல என்ன இருக்கு? இது வரல, அது தெரியல! நீங்க நாலு காசு பாத்தவங்க. நீங்களே சொல்லுங்கம்மா.”

சொன்னேன். வாய் சும்மா இருக்குமா? ஒரு வாரம் பலகையை என்னிடம் கொடுங்கள், நல்லதை மட்டும் எழுதுவோம், போன் குரூப்பில் போட்டோ போடுவோம் என்றேன். அந்தம்மாவின் திறமை இருக்கட்டும், என் வியாபார அறிவையும் சேர்த்தால் இன்னும் எடுபடும் என்று ஒரு நினைப்பு. தாளாளர் அதற்கு மேல் போய்விட்டார்: ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் பலகையை ஒரேயடியாகக் கழற்றிவிட்டு பேனர்.

அதற்கு நான் தலையாட்டவில்லை. மறுத்தும் பேசவில்லை.

பெரிய டீச்சர் சாக்பீஸ் டப்பாவை என் கையில் கொடுத்தார். “ஈரத் துணியால துடைங்கம்மா. காஞ்ச துணின்னா பழைய எழுத்து தெரியும்.” திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 18, திங்கள்

“எங்கள் பிள்ளைகள் நாளைய நட்சத்திரங்கள்! எல்லா வகுப்பிலும் உற்சாகம்!” மூன்று கலர் சாக்பீஸ், ஓரத்தில் பூ வேறு. குரூப்பில் ஏகப்பட்ட கட்டைவிரல்.

செப்டம்பர் 19, செவ்வாய்

“அருமையான முன்னேற்றம்.” கட்டைவிரல் பாதியாகிவிட்டது.

செப்டம்பர் 20, புதன்

வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தார்கள், போனார்கள். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைக்கவே இல்லை.

மேஸ்திரியைக் கடையில் மடக்கிக் கேட்டேன். “பலகை பாத்தீங்களா?”

“பாத்தேன்கா. எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருந்தது.”

“அப்புறம்?”

“எல்லாம் நல்லாருந்தா நான் எதுக்கு? நேத்து பையன்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியல. சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் படுத்துட்டேன்.”

குட்டியிடம் நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்.

செப்டம்பர் 21, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் காலையில் செத்த புறா. மூடி காற்றில் விலகிக் கிடந்திருக்கிறது. ஆயாம்மா பார்த்துக் கத்தியிருக்கிறார். தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைக் கழுவி, இன்று குடிக்கக் கேன் தண்ணீரும் வந்துவிட்டது. ஆனால் புறா விழுந்தது எப்போது? நேற்றா? நேற்று எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தானே குடித்தார்கள்? என் பிள்ளையும்தானே?

மதியம் பலகை எழுதப் போனபோதுதான் எனக்கே தெரியும். சாக்பீஸை எடுப்பதற்குள் தாளாளர் போனில். “அதான் கழுவியாச்சே. இதைப் போய் எழுதிடாதீங்க. நாளைக்குப் பாதிப் பேரு தெருமுனைல நிப்பான்.”

நான் வியாபாரி. அவர் பயம் எனக்குப் புரியாமலா இருக்கும்? ஆனால் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை அழுதால், வீட்டில் என்னவென்று நினைப்பார்கள்? பஜ்ஜி என்பார்கள், திருஷ்டி என்பார்கள். தண்ணீர் என்று யாருக்குத் தோன்றும்?

பெரிய டீச்சர் எதிரே வந்து நின்றார். “நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன்மா. வேலை போனாலும் பரவாயில்ல.”

சாக்பீஸை நீட்டினேன். “நீங்கதான் எழுதணும் டீச்சர். நான் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. மூணு நாளா பூ போட்டு வச்சிருக்கேன்.”

அவர் எழுதியதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“இன்று காலை நம் தண்ணீர்த் தொட்டியில் செத்த புறா கிடந்தது. நேற்று பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தண்ணீர் விஷயத்தைச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். தொட்டி கழுவியாகிவிட்டது. புது மூடி போடும் வரை வீட்டிலிருந்து தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.” கீழே அவருடைய போன் நம்பர்.

பள்ளி விட்டதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பலகையையே அடிக்கப் போனார். “காசு வாங்கிக்கிட்டு புறா தண்ணியா குடுக்கறீங்க?” அந்தம்மா நகரவில்லை. “கோபப்படுங்க சார், நியாயம்தான். முதல்ல பிள்ளை நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வந்து கோபப்படுங்க.” அவர் அங்கேயே மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மற்றவர்களும் அவரவர் பிள்ளையைத் தேடிப் போனார்கள்.

எத்தனையோ கறார் ஆசாமிகளோடு பேரம் பேசியவள் நான். இப்படி நிற்க எனக்கு வராது.

செப்டம்பர் 22, வெள்ளி

மேஸ்திரி பையனுக்கு ராத்திரி வாந்தி, காய்ச்சல். பலகையைப் படித்திருந்ததால் உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பையன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். இன்னும் சில பிள்ளைகளுக்கு லேசாக வயிற்றுப்போக்கு. குட்டிக்கு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், தோளில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். இரண்டு வீட்டார் மட்டும் டி.சி. கேட்டிருக்கிறார்கள். போகட்டும், அது அவர்கள் இஷ்டம்.

தொட்டிக்குப் புது மூடி என் கடையிலிருந்து போயிற்று. கொக்கி வைத்த மூடி. காற்றென்ன, யானையே வந்தாலும் திறக்காது.

அக்டோபர் 3, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்து போனால் பலகை இல்லை. சுவரில் நான்கு ஆணி ஓட்டை மட்டும். தாளாளர் ஆள் வைத்துக் கழற்றிவிட்டாராம். பேனர் அச்சில் இருக்கிறதாம். என் தலையாட்டாத தலையை நானே குட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கே வாயைத் திறந்து வேண்டாம் என்றிருக்கலாமே?

பெரிய டீச்சர், “இன்னிக்கு ரெண்டாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரல. எங்க எழுதட்டும், கையிலயா?” என்றார். முதல் தடவையாக அவர் குரல் உடைந்து கேட்டேன்.

அக்டோபர் 4, புதன்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பலகை இல்லாததால் ஜனம் ஆளாளுக்குப் பெரிய டீச்சரையே பிடித்துக்கொண்டது. “எம் பொண்ணுக்கு என்ன வரல டீச்சர்?” “இன்னிக்கு வீட்ல என்ன செய்யணும்?” வாசல் முழுக்க வரிசை, நடுரோடு வரைக்கும். நான் ஏவிவிட்டேன் என்று தாளாளர் நினைப்பார். சத்தியமாக இல்லை. மேஸ்திரியிடம் மட்டும் லேசாகச் சொன்னேன். அது ஏவிவிடுவதா?

தாளாளரின் கார் வாசலில் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்தார். ஆட்டோக்காரர் ஜன்னலில் குனிந்து, “சார், நீங்களும் வரிசைல வாங்க. உங்களுக்கு என்ன வரலன்னு டீச்சர் சொல்வாங்க” என்றார்.

சாயங்காலம் தாளாளரிடமிருந்து எனக்குப் போன். “நாளன்னிக்கு வாங்கம்மா, பேசலாம்.”

பேசலாம் என்று யார் முதலில் சொல்கிறார்களோ, விலையில் அவர்கள்தான் இறங்குவார்கள்.

அக்டோபர் 6, வெள்ளி

தாளாளர் அறையில் மூன்று பேர். டீ ஆறிப்போகும் வரை பேசினோம். பெரிய டீச்சர் அதிகம் பேசவில்லை. ‘வராதது’ என்ற வரியை எடுக்கலாமா என்று தாளாளர் கேட்டபோது மட்டும், “அப்ப பலகையே வேண்டாம் சார்” என்றார். அத்தோடு அது முடிந்தது.

படிந்த பேச்சு இது. பலகை திங்கட்கிழமை அதே இடத்தில், பழையதைப் போல இரண்டு மடங்கு அகலத்தில். பலகையும் கறுப்புப் பெயின்டும் என் பொறுப்பு, வருடம் ஒரு தடவை மறுபூச்சும் என்னுடையது. கடைப் பெயர் எந்த மூலையிலும் வராது. பேனரும் வரலாம், ஆனால் பலகையை மறைக்கக் கூடாது. எழுதுவதைத் தாளாளர் முதலில் படிக்கலாம், அழிக்கக் கூடாது. பிள்ளைகளின் உடம்பு விஷயம் என்றால் அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

கடைசி நிபந்தனை பெரிய டீச்சர் எனக்குப் போட்டது: மூன்றாம் வகுப்பைப் பற்றி என்ன எழுதினாலும் நான் உள்ளே வந்து கத்தக் கூடாது.

பேரம் பேசிப் பார்த்தேன். மாதம் ஒரு தடவை கத்தலாம் என்று முடிந்தது.