யாழினியின் சந்தேகம்

செவ்வாய். பௌர்ணமிக்கு மறுநாள்.

கடைசி பீரியடில் ஏழாம் வகுப்புக்கு, கம்ப்யூட்டர் பல வேலைகளை எப்படிச் செய்கிறது என்று நடத்தினேன். கிரிவலப் பாதை டீக்கடைக்காரர் பால் காய்வதற்குள் பஜ்ஜியைப் புரட்டிவிட்டு, பொங்குமுன் பாலுக்குத் திரும்புவதை உதாரணம் சொன்னேன். "அது மாதிரிதான், விட்ட இடத்துக்குக் கரெக்டா திரும்பி வரும்" என்றேன்.

யாழினி சந்தேகம் கேட்கக் கை தூக்கினாள். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு போனில் மார்க் ஏற்ற உட்கார்ந்தேன். அதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். போனவள் அவளை மறந்தே போனேன்.

சாயங்காலம் குடையை எடுக்க வந்தால், காலி வகுப்பில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஊருக்குப் போகும் அடி அண்ணாமலை பஸ் போய்விட்டிருந்தது.

"நீங்க வரேன்னு சொன்னீங்களே மிஸ்."

கூசிப்போய், என்ன சந்தேகம் என்று கேட்டேன்.

"திரும்பி வரலைன்னா அந்த வேலை என்ன ஆகும் மிஸ்?"

காத்துக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்த பதில்தான். அடுத்த பஸ் வரும்வரை அவளோடு காத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்தேன்.