நாற்றுக்கு நடுவே ஒருத்தி

என் அம்மாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு. நீ கண்மூடும் முன் என்னை உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்பட்ட டீச்சர் நாற்காலியில் உட்காரத்தான் நேரமில்லை.

வகுப்பில் பாக்கியம் என்று ஒரு பெண். போன அறுவடையில் கூலி உயர்வு கேட்டு நம் ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றபோது, பண்ணையார் லாரியில் கொண்டுவந்த வெளியூர்க்காரர் ஒருவரின் மகள். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். இவள் குடும்பம் தங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு வரிசையில் பாக்கியம் உட்கார்ந்ததும் செல்வி என்ற உள்ளூர்ப் பெண் எழுவாள். செல்வி எழுந்தால் வரிசையே எழும். "லாரி வந்துடுச்சுடி," என்பாள். சிரிப்பு.

செல்வியை வெயிலில் முட்டிபோட வைத்தேன். மறுநாள் பாக்கியத்தின் தட்டில் மண் கிடந்தது. அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "அழுதுகிட்டே வர்றா டீச்சர். இனி களை எடுக்கப் போகட்டும்," என்றார் அவள் அம்மா.

செல்வியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவங்கப்பா வந்ததாலதான் எங்கப்பாவுக்கு வேல போச்சு டீச்சர்."

பொய்யில்லை.

உன்னைப் பற்றிச் சொன்னேன். நான் சின்னவளாய் இருந்த ஒரு வருஷ நடவில் ஒரு வெளியூர்க்காரி பின்தங்கினாள். நீங்கள் வேண்டுமென்றே வேகமாகப் பின்னோக்கி நட்டுப் போய், அவளுக்கு இரண்டு பக்கமும் முதுகுக்குப் பின்னாலும் நாற்றால் அடைத்துவிட்டீர்கள். நாற்றை மிதிக்காமல் அவளால் வெளியே வர முடியாது. சேற்றில் நின்று அழுதாள். எல்லாரும் சிரித்தீர்கள். நீயும்தான். மறுநாள் அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் வரிசையிலும் சேர்த்து நட்டாய். ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. இடையில் உனக்குள் என்ன நடந்தது?

நீ சிரித்ததைச் செல்வியிடம் நான் மறைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

செல்வி கேட்டாள். "உங்கம்மாவ யாரும் ஏசலையா?"

"ஏசுனாங்க. ஒரு வாரம் யாரும் பேசல."

நேற்று பாக்கியத்தின் வீட்டுக்கு மறுபடி போனேன். ஒரே ஒரு நாள் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். செல்வியும் என்னோடு வந்தாள். வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

இன்று பாக்கியம் வந்தாள். சாப்பாட்டில் செல்வி தன் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். பாக்கியம் உட்கார்ந்ததும் வேறொருத்தி எழப்போனாள்.

"உக்காருடி. சோறு ஆறுது."

பாக்கியத்தின் முகத்தைச் செல்வி பார்க்கவில்லை. ஆனால் வரிசை எழவில்லை.

இனி யாரையும் முட்டிபோட வைக்கமாட்டேன், அம்மா. நாளைக்கு ஒரு தட்டோடு நானும் அந்த வரிசையில் உட்காருவேன்.

அன்று வரப்பில் இருந்து எல்லாம் பார்த்த,
உன் மகள்