என் நாய் இல்லை என்றேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் கருப்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃபிளாட் வாசலில் ஒரு செவலை நாய்க்கு இரண்டு மாதமாகச் சோறு வைக்கிறேன். போன வாரம் கருத்தடைக்காக நாய் பிடிக்கும் வண்டி வந்தது. அசோசியேஷன்காரர்கள் முன்னால் வாட்ச்மேன் கஜபதி, "இன்னாம்மா, இது உன்னுதா?" என்று கேட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து, "இல்லை" என்றேன். வலைக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்து வாலாட்டியது. தாத்தாவோ நீங்களோ எந்த நாயையும் அப்படிச் சொன்னதில்லை.

கவலைப்படாதீர்கள், நேற்று காதில் அடையாள வெட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நேராக என் காலடிக்கு வந்தது.

"உன்னுது இல்லன்னியே, அதுக்குத் தெரியலியேம்மா!" என்று கஜபதி சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தாத்தா தைத்த தோல் பட்டையைக் கூரியரில் அனுப்புவீர்களா? நம் வீட்டு நாய்கள் வரிசையாகப் போட்டது, இப்போது கருப்பி கழுத்தில் இருக்கிறது. அவளுக்குப் புதிது வாங்கி அனுப்புகிறேன்.

இனி யாராவது கேட்டால் அந்தப் பட்டை பதில் சொல்லட்டும். என் தைரியத்தை நம்பி இருக்க முடியாது, அப்பா.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள்,
எழில்